யாரையும் முந்தாத ரேஸ்காரர்

மெதுவா சாரைப் போல வேகமாகக் கார் ஓட்டக்கூடியவர் அந்தக் காலத்தில் தென்னிந்தியாவிலேயே கிடையாது. அவரைப் போல மெதுவாக ஓட்டியவரும் கிடையாது. இரண்டு பெருமையும் ஒரே மனிதருக்கு எப்படிச் சேரும் என்று கேட்பவர்கள், எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் திருவண்ணாமலையில் குடியிருந்திருக்க மாட்டார்கள். நான் குடியிருந்தேன். அதுவும் அவர் வீட்டு மாடியிலேயே குடியிருந்தேன்.

கூட்டுறவு ஆபீஸ் ஒன்றில் குமாஸ்தாவாக மாற்றலாகி அந்த ஊருக்குப் போனவன் நான். செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே மாடிப் போர்ஷன் கிடைத்தது. கீழே சாரும் அவர் மனைவியும் இருந்தார்கள். மனைவி பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். ஊரே அவரை டீச்சர் என்று கூப்பிட்டது, சாரும் அப்படியேதான் கூப்பிட்டார்.

சார் ஒரு டிரைவிங் ஸ்கூல் நடத்திக்கொண்டிருந்தார். போர்டில் ஏதோ நல்ல பெயர் எழுதியிருக்கும், அதை யாரும் படித்ததில்லை. கீழ்பென்னாத்தூரிலிருந்து மல்லாட்டை (அந்தப் பக்கம் வேர்க்கடலைக்கு அதுதான் பெயர்) வியாபாரிகளும் நெல் மண்டிக்காரர்களும் கார் ஓட்டப் பழக வருவார்கள். பக்கத்து சீட்டில் சார் உட்கார்ந்துகொண்டு, கிளம்பினதிலிருந்து திரும்பி வரும் வரைக்கும் ஒரே மந்திரத்தை ஜபிப்பார். “மெதுவா... மெதுவா... இன்னும் மெதுவா...” அதனால் அவர் மெதுவா சார் ஆனார்.

அவரிடம் பழகினவர்கள் எல்லாரும் லைசென்ஸ் வாங்கிவிட்டார்கள். ஆனால் ஒரு மண்டிக்காரர் சொந்தமாகக் கார் வாங்கி ஒரு மாதம் ஓட்டின பிறகு, முகம் சிவக்க வாசலில் வந்து நின்றார்.

“சார், வண்டியில நாலாவது கியர்னு ஒண்ணு கீதாமே? மெக்கானிக் சொல்றான். நீங்க சொல்லவே இல்லையே!”

“அது கம்பெனிக்காரன் சும்மா குடுக்கறது” என்றார் சார். “நமக்கு எதுக்கு அது?”

முன்னால் எந்த வண்டி போனாலும் சார் அதன் பின்னாலேயே போவார். பஸ்ஸானாலும் சரி, மாட்டு வண்டியானாலும் சரி, முந்த மாட்டார். ஒரு நாள் அவலூர்பேட்டை ரோட்டில் அவரோடு காரில் வந்தேன். முன்னால் கல்யாணத்துக்குப் போகிற மாட்டு வண்டி ஒன்று. அதன் பின்புறம் கால்களைத் தொங்கப் போட்டுக்கொண்டு நாலு பெண்கள் எங்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். நாங்களும் அவர்களைப் பார்த்தபடி போனோம். வேறு பக்கம் பார்க்க இடமில்லை.

“எவ்ளோ தூரம்தான் பின்னாடியே வருவீங்க? போங்களேன் சாமி” என்றார் ஒரு அம்மா.

“பரவால்லம்மா, நீங்க போங்க” என்றார் சார்.

ஊர் வந்து சேர்வதற்குள் அந்த அம்மா எனக்குக் கல்யாணமாகிவிட்டதா, எந்த ஆபீஸ், எந்த ஊர் பூர்வீகம் எல்லாம் விசாரித்துவிட்டார். மடியிலிருந்து வறுத்த மல்லாட்டையை அள்ளிக் கார் ஜன்னல் வழியே கொடுத்தார். அவர் கை எட்டும் தூரத்தில்தான் எங்கள் கார் ஓடிக்கொண்டிருந்தது.

இறங்கினதும் எனக்குப் பொறுக்கவில்லை. சாருக்கு என்னதான் பயம் என்று டீச்சரிடமே கேட்டுவிட்டேன். டீச்சர் சமையலறைக்குள் கூட்டிப் போய் அலமாரியைக் காட்டினார். பளபளவென்று ஏழெட்டு வெள்ளிக் கோப்பைகள். ஒன்றில் புளி, ஒன்றில் கல் உப்பு. இரண்டு பக்கமும் காது வைத்த பெரிய கோப்பையில் அரிசி அளக்கும் ஆழாக்கு கிடந்தது.

“எல்லாம் அவரு ஜெயிச்சது தம்பி” என்றார்.

மெட்ராஸுக்கு வெளியே, யுத்த காலத்தில் பட்டாளத்துக்காரர்கள் போட்டுவிட்டுப் போன விமான ஓடுதளம் ஒன்றில் வருஷா வருஷம் கார் ரேஸ் நடக்கும். சார் அங்கே பெரிய புலி. ஒரு வருஷம், கடைசி வளைவில், முன்னால் போன காரை முந்தப் போய் வண்டி குட்டிக்கரணம் போட்டுவிட்டது. தோள்பட்டை எலும்பும் விலாவும் முறிந்தன. டீச்சர் கூட்டத்தில் நின்று அதைக் கண்ணால் பார்த்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராகத் தன் பிறந்த ஊரான திருவண்ணாமலைக்குக் கூட்டிவந்துவிட்டார். மொட்டை மாடியில், மலையைப் பார்த்து நிற்க வைத்துக் கற்பூரம் ஏற்றினார்.

“ரேஸுக்குப் போக மாட்டேன்னு சத்தியம் வாங்கியிருக்கலாம்தான். ஆனா இவரு ரோட்டுல பஸ்ஸோட ரேஸ் விடுவாரு. எனக்குத் தெரியாதா? நல்லா யோசிச்சேன். ‘இனிமே எந்த வண்டியையும் முந்த மாட்டேன்’னு சொல்லச் சொன்னேன். கற்பூரத்தை அணைச்சி சத்தியம் பண்ணாரு.”

கணக்கு டீச்சர் வாங்கின சத்தியம் என்பதால் அதில் ஓட்டை உடைசல் எதுவும் இல்லை. அப்படியும் சார் அவ்வப்போது சந்தேகம் கேட்டுக்கொண்டு வருவார். சாப்பாட்டு நேரத்தில் தீர்ப்பு வழங்கப்படும்.

“டீச்சர், சைக்கிள் வண்டியா?”

“ரெண்டு சக்கரம் இருக்குதில்ல? வண்டிதான்.”

“ரோடு ரோலர்?”

“வண்டிதான்.”

“நின்னுகினு இருக்கற பஸ்ஸு?”

டீச்சர் இந்தக் கேள்விக்கு மட்டும் ரசத்தை ஊற்றி முடிக்கும் வரை யோசித்தார். “நிக்கறத தாண்டலாம்” என்று சலுகை கொடுத்தார். அன்று முதல் சாருக்கு அந்தப் பக்கத்து பஸ் ஸ்டாப்புகள் எல்லாம் தலைகீழ்ப் பாடமாகிவிட்டன.

இந்த மனிதர்தான் ஒரு நாள் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார்.

ஏற்காட்டில் யாரோ எஸ்டேட் துரை விட்டுவிட்டுப் போன கார் அது. இரண்டே சீட்டு, கூரை கிடையாது, ரத்தச் சிவப்பு நிறம். லாரியில் ஏற்றிவந்து வாசலில் இறக்கினார்கள். டீச்சர் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, குடையை மடக்காமலே அதை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்.

“யாரையும் முந்தாத மனுஷனுக்கு இது எதுக்கு?”

“கோயில்ல தேர் இருக்குது” என்றார் சார். “வருஷத்துல ஒரு நாள்தான் ஓடுது. வேணாம்னு யாரனா சொல்றாங்களா?”

டீச்சர் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். எனக்குத் தெரிந்து அவர் தோற்றுப்போன வாதம் அது ஒன்றுதான்.

கார் வந்ததில் எங்கள் தெருவின் வாழ்க்கை முறையே மாறிவிட்டது. சார் காலையில் இன்ஜினைக் கிளப்பினால் மாடியில் என் காபி டம்ளர் தானாக நகர்ந்து மேஜை ஓரத்துக்கு வரும். பின்வீட்டுப் பால்காரர் வந்து, “சத்தத்துல எருமை கம்மியா கறக்குது சார்” என்று முறையிட்டார். அந்த எருமை அதற்கு முன்னால் எப்போது ஜாஸ்தியாகக் கறந்தது என்று சார் கேட்டதும் அவர் பால் சொம்பைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஆசிரமப் பக்கம் ஒரு வெள்ளைக்கார சாமியார் இருந்தார். காவி வேட்டி, தாடி, மௌன விரதம். மாதக்கணக்காக ஒரு வார்த்தை பேசாதவர். இட்லி வேண்டுமானால்கூட விரலைத்தான் காட்டுவார். அவர் ஒரு நாள் எங்கள் வாசல் வழியாகப் போனவர் காரைப் பார்த்து அப்படியே நின்றார். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. அடுத்த நிமிஷம் வாய் திறந்து, அந்தக் காரின் பெயர், வருஷம், இன்ஜின் விவரம் எல்லாவற்றையும் கடகடவென்று இங்கிலீஷில் கொட்டிவிட்டார். அப்புறம்தான் என்ன செய்தோம் என்று உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டு ஆசிரமத்தைப் பார்த்து ஓடினார்.

“பாத்தியா தம்பி” என்றார் டீச்சர் என்னிடம். “மலையப் பாத்து எடுத்த விரதம். ஒரு காரைப் பாத்ததும் போச்சு. இவரும் ஒரு நாள் அப்படித்தான்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அந்தப் பயம் அவருக்கு நிஜமாகவே இருந்தது. சார் வெளியே போய்த் திரும்பும் வரைக்கும் டீச்சர் விடைத்தாள் திருத்துகிற சாக்கில் வாசலிலேயே உட்கார்ந்திருப்பார். அநேகமாக ஒரே விடைத்தாள்தான்.

சார் அந்தக் காரை எங்கேதான் ஓட்டுவார்? விடிகிற நேரத்தில் மலையைச் சுற்றுகிற ரோடு காலியாக இருக்கும். இரண்டு பக்கமும் புளியமரம். அங்கே கொண்டுபோய்க் கொஞ்சம் வேகம் எடுப்பார். எடுத்த அடுத்த நிமிஷம் எங்கிருந்தோ ஒரு பூக்காரர் சைக்கிளில் முன்னால் வந்துவிடுவார். மீதி ரோடு முழுக்க மல்லிகை வாசனையை மோந்துகொண்டு பின்னாலேயே வர வேண்டியதுதான். சார் முணுமுணுத்து நான் கேட்டதில்லை. ஒரே ஒரு நாள் மட்டும், காரைத் துடைத்துக்கொண்டே சொன்னார். “ஒரே ஒரு தடவ, காலை முழுசா அமுக்கி ஓட்டணும்பா. அவ்ளோதான். அப்புறம் இத வித்தாலும் சரி.”

அந்த வருஷமே அதற்கு வழி பிறந்தது. மெட்ராஸிலிருந்து அவருடைய பழைய ரேஸ் சிநேகிதர் ஒருவர் சேதி அனுப்பியிருந்தார். ரேஸ் முடிந்த மறுநாள், சொந்தமாக நல்ல கார் வைத்திருப்பவர்கள் எல்லாரும் கொண்டுவந்து அந்த ஓடுதளத்தில் இஷ்டப்படி ஓட்டிப் பார்க்கலாமாம். போட்டி கிடையாது, கோப்பை கிடையாது.

“போட்டியே இல்ல டீச்சர்! அவங்கவங்க வண்டிய அவங்கவங்க ஓட்டறது. நான்தான் முதல்ல கிளம்புவேன். எனக்கு முன்னாடி ஒரு வண்டியும் இருக்காது. சத்தியத்துக்கு ஒண்ணும் ஆவாது.”

டீச்சர் ஒரு சாக்பீஸ் துண்டை எடுத்துத் தரையில் வட்டம் போட்டார்.

“இது வட்டம். நீங்க முதல்ல போறீங்க. வேகமா போறீங்க. கடைசில போறவன் மெதுவா போறான். சுத்தி வந்தா அவன் எங்க இருப்பான்?”

சார் வட்டத்தைப் பார்த்தார். பார்த்தவர், “அதெல்லாம் அங்க போயி பாத்துக்கலாம்” என்றார். இரண்டு கோப்பைகளைக் கவிழ்த்துப் புளியையும் உப்பையும் கொட்டி, சாம்பல் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தார். காரணமே இல்லை. சந்தோஷம் தாங்கவில்லை, அவ்வளவுதான். அதைப் பார்த்த பிறகு டீச்சருக்கு வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

அவர்கள் இருவரும் காரில் கிளம்பினார்கள். மூன்றாவது சீட்டு இல்லாததால் நான் பஸ்ஸில் கிளம்பினேன். செஞ்சிக்கு முன்னால் என் பஸ் அந்தச் சிவப்புக் காரை முந்தியது. அது ஒரு வைக்கோல் வண்டியின் பின்னால் வந்துகொண்டிருந்தது. டீச்சர் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு எனக்குக் கையாட்டினார். நான் மெட்ராஸ் போய்ச் சேர்ந்து, குளித்து, சாப்பிட்டு, தூங்கி எழுந்து, மறுபடி சாப்பிட்ட பிறகுதான் அவர்கள் வந்தார்கள். இரண்டு பேர் தலையிலும் வைக்கோல் இருந்தது.

மறுநாள் ஓடுதளத்தில் நல்ல கூட்டம். கயிறு கட்டியிருந்த இடத்தில் டீச்சரும் நானும் முன்வரிசையில் நின்றோம். சார்தான் முதலில் கிளம்பினார். அப்போதுதான் நான் அவர் கார் ஓட்டி முதன்முதலாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் பார்த்ததெல்லாம் வேறு ஏதோ. சிவப்பாக ஒன்று எங்களைக் கடந்து போனது. சத்தம் அப்புறம் வந்தது. என் பக்கத்தில் நின்றவர் வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிட்டார். டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். வளையல் அழுந்தி எனக்கு வலித்தது.

இரண்டாவது சுற்றில் சாக்பீஸ் வட்டம் தன் வேலையைக் காட்டியது. கடைசியாகக் கிளம்பிய கார் ஒரு வயதான டாக்டருடையது. கறுப்பாக, உயரமாக, பீரோவுக்குச் சக்கரம் வைத்தது மாதிரி இருந்தது. அவர் பாட்டுக்கு ஆனந்தமாக உருட்டிக்கொண்டு போனார். சார் புயலாக வந்து, அதன் பின்னால் சேர்ந்ததும் அப்படியே அடங்கினார்.

ஒரு சுற்று போனது. இன்னொரு சுற்றும் போனது. முன்னால் கறுப்புக் கார், பின்னால் சிவப்புக் கார். மற்றவர்கள் எல்லாரும் இரண்டையும் முந்திக்கொண்டு பறந்தார்கள். டாக்டர் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, போங்க போங்க என்று காட்டினார். சாரும் கையை நீட்டி, நீங்க போங்க என்று காட்டினார். கொடிக்காரர் ஓடிவந்து, “முந்துங்க சார், முந்துங்க!” என்று தொண்டை கிழியக் கத்தினார். சார் அவருக்கு ஒரு கும்பிடு போட்டார்.

கூட்டம் சிரிக்க ஆரம்பித்தது. நானும் சிரிப்பை அடக்கத்தான் பார்த்தேன். அப்போது எங்களுக்குப் பின்னால் ஒருவர், “பெரிய ரேஸ் புலின்னாங்களே? பயந்துபோயிட்டாரு பாவம், கிழவனாயிட்டாரு” என்றார்.

டீச்சர் திரும்பி அவரைப் பார்த்தார். பிறகு சாரைப் பார்த்தார். சார் முகத்தில் கோபமோ அவமானமோ ஒன்றுமில்லை. டிரைவிங் ஸ்கூல் காரில் உட்கார்ந்திருப்பது மாதிரி உட்கார்ந்திருந்தார். காலை முழுசாக அமுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு அவ்வளவு தூரம் வந்தவர், அமுக்காமல் போய்க்கொண்டிருந்தார்.

“இவரு சத்தியத்த உடைக்கவே மாட்டாரு தம்பி” என்றார் டீச்சர். “இத்தன வருஷமா, எப்ப உடைப்பாரோ எப்ப உடைப்பாரோன்னு வாசல்லயே உக்காந்திருந்தேன் பாரு.”

கயிற்றுக்கு அடியில் குனிந்து அந்தப் பக்கம் போய்விட்டார். நானும் பதறிக்கொண்டு பின்னால் போனேன். ஓரத்தில் நின்று டீச்சர் குடையைக் குறுக்கே நீட்டினார். டாக்டர் உருண்டு போய்விட்டார். சார் காரை நிறுத்தினார்.

“முந்துங்க” என்றார் டீச்சர்.

“சத்தியம் பண்ணியிருக்கேனே டீச்சர். மலையப் பாத்து.”

“வாங்கனது நான்தானே? மலைகிட்ட நான் பேசிக்கிறேன். நீங்க முந்தற ஒவ்வொரு வண்டிக்கும் நான் ஒரு தடவ செருப்பில்லாம மலையச் சுத்தி வந்துடறேன். எத்தன வண்டி வேணாலும் முந்துங்க. போங்க.”

சார் கியர் போட்டார்.

அந்தக் கறுப்புக் காரை அவர் எட்டிப்பிடித்தது எங்களுக்கு எதிர்ப்புற வளைவில். விழுந்தாரே, அதே மாதிரி வளைவு. டீச்சர் கண்ணை மூடவில்லை. சிவப்புக் கார் வெளிப்பக்கமாக ஒதுங்கி, கொஞ்சம் சாய்ந்து, வழுக்கிக்கொண்டு போகிற மாதிரி போய் டாக்டருக்கு முன்னால் வந்து நிமிர்ந்தது. டாக்டரே கைதட்டினார். கூட்டத்தில் விசில் பறந்தது. அடுத்தாற்போல் ஒரு பணக்காரப் பையனின் வெள்ளைக் கார் போய்க்கொண்டிருந்தது. சார் கண் மூடித் திறப்பதற்குள் அதன் வாலைப் பிடித்துவிட்டார். எல்லாரும் எம்பி எம்பிப் பார்த்தார்கள். சாரைக் கிழவன் என்றவர்தான் இப்போது, “அடிங்க சார்!” என்று குதித்தார்.

சார் வேகத்தைக் குறைத்தார். வெள்ளைக் கார் போய்விட்டது. ஓரமாக வந்து, எங்கள் முன்னால் நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டார்.

“இன்னா சார், நிறுத்திட்டீங்க? அடுத்தது கையில இருந்ததே!” என்றார் கொடிக்காரர்.

“போதும்பா” என்றார் சார். “டீச்சருக்கு முட்டி வலி. ஒரு சுத்துக்கு மேல தாங்காது.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்னால் டீச்சர் கோயில் வாசலில் சூடம் ஏற்றிவிட்டு நடக்க ஆரம்பித்தார். ஒன்பது மைல் வரும். நானும் கூட நடந்தேன். எங்களுக்குப் பின்னால் சிவப்புக் கார் முதல் கியரில் ஊர்ந்து வந்தது. அதில் ஒரு கூஜா தண்ணீர், தைலப் பாட்டில், டீச்சரின் செருப்பு. அந்த வேகத்தை அந்தக் கார் எத்தனை நேரம் தாங்கும்? பாதி வழியில், அடி அண்ணாமலைக்குக் கொஞ்சம் முன்னாலேயே ரேடியேட்டர் கொதித்துப் புகை கிளம்பிவிட்டது. சார் காரைப் புளியமரத்தடிக்குத் தள்ளிவிட்டு, தன் செருப்பையும் கழற்றி அதில் போட்டுவிட்டு, கூஜாவோடு நடக்க ஆரம்பித்தார். டீச்சருக்கு ஓரடி பின்னாலேயே.

“பக்கத்துல வந்து நடங்களேன்.”

“நீ போ டீச்சர். எனக்கு இதுதான் பழக்கம்.”

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. டீச்சர் இடது காலை இழுத்து இழுத்துத்தான் வைத்தார். நிற்கச் சொன்னால் நிற்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும், திரும்பாமலே கேட்டார்.

“அந்த ஒரு வண்டிய முந்தனீங்களே. நல்லா இருந்துச்சா?”

சாருக்கு முகமெல்லாம் சிரிப்பாகிவிட்டது.

“ரொம்ப நல்லா இருந்துச்சி டீச்சர்.”

“அப்ப எனக்கு வலிக்கல” என்றார் டீச்சர்.

எனக்கு அப்போது நல்ல வயசு, கால்களில் பலம். சீக்கிரமாகப் போய்ச் சேர்ந்திருக்கலாம். ஆனால் அந்த இரண்டு பேரையும் முந்திப் போக மனசு வரவில்லை, பின்னாலேயே நடந்தேன்.